யாரு முறுக்குனது?

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இருக்கிற கம்பெனிகளில், ஆடிட் செய்ய வருகிறவர்களைவிட, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பெரிய துரைகளைவிட, எல்லோரும் அதிகமாகப் பயந்தது ஒரே ஒரு மனிதருக்குத்தான். அவர் கையில் இருந்த ஆயுதம் சுண்டுவிரல் நீளம். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"யாரு முறுக்குனது?"

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி கேட்டில் இருக்கிற நோட்டுப் புத்தகத்துக்கும் தெரியாது. அதில் வருகிறவர் பெயர் என்ற இடத்தில் 'ஈஸி அவுட்' என்று எழுதியிருக்கும். வந்த நோக்கம் என்ற இடத்திலும் 'ஈஸி அவுட்' என்றே எழுதியிருக்கும். என்னைவிட அவர் இரண்டு வயது இளையவர். ஆனாலும் நான் உட்பட எல்லோருக்கும் அவர் ஈஸி அவுட் அண்ணன்.

ஈஸி அவுட் என்பது ஒரு கருவி. போல்ட்டை முறுக்கும்போது சில நேரம் தலை ஒடிந்து கையோடு வந்துவிடும், உடம்பு மட்டும் இரும்புக்குள் தங்கிவிடும். சில நேரம் தலை ஒடியாது, ஆனால் சாவி மாட்டுகிற குழி வழுவழு என்று தேய்ந்து எந்தச் சாவிக்கும் பிடி கொடுக்காது. அப்படி மாட்டிக்கொண்டதன் நடுவில் சின்னத் துளை போட்டு, இந்தக் கருவியை உள்ளே சொருகுவார்கள். பார்க்க சின்ன முள்ளங்கி மாதிரி மேலே பருத்து, கீழே கூர்ந்து, உடம்பெல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றிய வரிகளோடு இருக்கும். இடது பக்கம் திருப்பத் திருப்ப அது போல்ட்டைக் கடித்துக்கொள்ளும். கடித்த பிறகும் திருப்பினால் போல்ட்டும் வேறு வழியில்லாமல் கூடவே சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இந்த வேலையைப் பல பேர் செய்வார்கள். ஆனால் மற்றவர்கள் வந்தால் கருவியை வெளியே எடுப்பார்கள். இவர் வந்தால் ஸ்டூல் கேட்பார். உட்காருவார். சுற்றி நிற்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பார். முறுக்கிய ஆள் நேரில் வந்து, நான்தான் என்று வாயால் சொல்லாதவரை அவர் கை வைக்கமாட்டார்.

கம்பெனியில் ஒரு போல்ட் ஒடிந்தால் அதை ஒடித்தது யாராகவும் இருக்காது. அது தானாக ஒடிந்திருக்கும். முந்தின ஷிப்டில் ஒடிந்திருக்கும். வரும்போதே ஒடிந்து வந்திருக்கும். ஒருமுறை சூப்பர்வைசர் ஒருவர், லைன் நிற்கிறதே என்ற அவசரத்தில், தானே முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் முறுக்கினேன். எடுங்க சார்."

அண்ணன் அவருடைய உள்ளங்கையை வாங்கி, கைரேகை பார்க்கிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்தக் கை இன்னிக்கு காலீலேர்ந்து பேனாவத் தவுர வேற எதயும் தொட்லியே. முறுக்குனவன வரச் சொல்லு சார். நா வெயிட் பண்றேன்."

வெயிட் பண்ணுகிறேன் என்றால் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். அவர் வரும்போது கையில் நாலு அடுக்கு டிபன் கேரியர் இருக்கும். மேல் அடுக்கில் ஈஸி அவுட்டுகள், அடுத்ததில் டிரில் பிட்டுகள், மூன்றாவதில் பஞ்சு, ஆயில், காந்தத் துண்டு. கடைசி அடுக்கில் தயிர்சாதம். பெட்டியில் கருவி கொண்டுவந்தால், ஒவ்வொன்றையும் எண்ணி எழுதி கேட் பாஸ் போட்டு உள்ளே விடுவதற்குள் பாதி நாள் போய்விடும். டிபன் கேரியரை யாரும் தடுப்பதில்லை. புதிதாக வந்த செக்யூரிட்டி ஒருவர் மட்டும் ஒருநாள் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"கலகலன்னு சத்தம் வருதே, இன்னா உள்ள?"

"வத்தல்."

"இவ்ளோ வெயிட்டா கீது?"

"வூட்டுல போட்டது."

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு தடவைதான் கோளாறு நடந்தது. அவர் வீட்டில் கேரியரைக் கழுவி அடுக்கியவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். எங்கள் மேனேஜர், இரண்டு இன்ஜினியர்கள், எட்டு ஆபரேட்டர்கள் சுற்றி நின்று மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் மேல் மூடியைத் திறந்தார். உள்ளே சேமியா உப்புமா. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "இது இல்ல" என்று சொல்லி மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தார்.

அவரை ஒருமுறை என் மச்சான் வீட்டுக்கும் கூட்டிப் போனேன். படப்பையில் புதிதாகப் போட்ட மனையில் கட்டின வீடு. குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே ஒடிந்து போயிருந்தது. இது கம்பெனி இல்லை, வீடுதானே, சும்மா எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூல் கேட்டார். 

"யாரு முறுக்குனது?"

"பிளம்பர்தாங்க" என்றான் மச்சான்.

"இல்லீங்க, இவருதான் போன வாரம் என்னமோ நோண்டிக்கினு இருந்தாரு" என்றாள் என் தங்கை.

"நானா? உங்க அம்மா வந்துட்டுப் போன அன்னிலேர்ந்துதான்டி சொட்டுது!"

"எங்க அம்மா இன்னா உங்க வூட்டுக் குழாய ஒடைக்கவா வந்தாங்க?"

குழாயிலிருந்து தொடங்கிய பேச்சு, கல்யாணத்தில் யாருக்கு மரியாதை செய்யவில்லை என்பது வரைக்கும் போய்விட்டது. அண்ணன் நடுவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் உள்ளேயிருந்து மச்சானின் அப்பா மெதுவாக வந்தார். "சொட்டுதேன்னு தினமும் குளிச்சிட்டு வரும்போது கொஞ்சம் இறுக்கிட்டு வருவேன் தம்பி. மூணு மாசமா" என்றார்.  பத்தே நிமிஷத்தில் குழாய்த் துண்டு வெளியே வந்தது. மரியாதை விஷயம் மட்டும் இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அந்தக் கேள்வி புதிராக இருந்தது. எதற்காகக் கேட்கிறார்? திட்டுவதற்காகவா என்றால், ஒப்புக்கொண்டவரை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டியதில்லை. நான் நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் பேச்சும் அநேகமாக அதே வகுப்பில் நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. நல்லவேளையாக ஒருநாள் மேனேஜரே அவரிடம் கேட்டார்.

"யார் பண்ணா உங்களுக்கு என்ன? நீங்க எடுக்க வேண்டியதுதானே?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட? கையால முறுக்குனா ஒரு மாரி மாட்டும். மிஷின்ல முறுக்குனா வேற மாரி மாட்டும். பசை போட்டு முறுக்கியிருந்தா சூடு காட்டணும். கோணலா ஏத்தியிருந்தா அவசரமே படக்கூடாது. போன வழி தெரியாம திரும்பி எப்டி சார் வர்றது?"

அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கருவிமேல் ஒரு ஆசை வந்துவிட்டது. நான் எங்கள் டூல் ரூமில் ஹெல்பர். துடைப்பது, எடுத்துக் கொடுப்பது, சொன்னதை முறுக்குவது, இவ்வளவுதான் என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைக்குப் போய் ஒரு ஈஸி அவுட் வாங்கிவந்தேன். ஸ்கிராப்பில் கிடக்கிற பழைய இரும்பில் உணவு இடைவேளையில் பழகினேன். மூன்று போல்ட் எடுத்தேன். மூன்றும் துருப்பிடித்து, தானாகவே வெளியே வரத் தயாராக இருந்தவை. அது எனக்கு அப்போது தெரியவில்லை. அண்ணனுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலை ஷிப்டில், மூன்றாம் நம்பர் மிஷினைத் துடைத்து, மேலே இருக்கிற பிளேட்டின் நாலு போல்ட்டையும் இறுக்கச் சொன்னார்கள். அந்தப் பிளேட்டின் மேல்தான் கார் பார்ட்டைப் பிடித்து வைத்துத் துளை போடுவார்கள். லூசாக இருந்தால் யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் நான் பதில் சொல்லவேண்டி வரும். அந்தப் பயத்திலேயே நான் எதையும் கொஞ்சம் அதிகமாக இறுக்குவேன். நாலாவது போல்ட்டுக்குச் சாவிமேல் காலை வைத்து மிதித்தேன். 'டக்' என்றது. தலை என் காலடியில் உருண்டது.

உடனே போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. என் லாக்கரில்தான் கருவி இருக்கிறதே! சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. துளை போட்டேன். சொருகினேன். திருப்பினேன். ஈஸி அவுட்டில் ஒரு குணம் இருக்கிறது. அது ரொம்பக் கெட்டியான இரும்பு, அதனாலேயே வளைந்து கொடுக்காது. துளை கொஞ்சம் சாய்ந்துவிட்டால் கண்ணாடி மாதிரிப் பட்டென்று ஒடியும். ஒடிந்தால் சாதாரண டிரில் எதுவும் அதில் இறங்காது. என் துளை சாய்ந்திருந்தது. என் ஈஸி அவுட் ஒடிந்தது. இப்போது உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

நான் செய்தது இதுதான். ஓட்டையில் கிரீஸை வைத்து அடைத்து, மேலே விரலால் வழித்து நிரவினேன். போல்ட் தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெருக்கப் போய்விட்டேன்.

பத்து மணிக்கு மூன்றாம் நம்பர் மிஷினின் பார்ட்டெல்லாம் அளவு தப்பி வந்தது. பிளேட் ஆடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். லைன் நின்றது. மாலையில் லாரி ஏறவேண்டிய சரக்கு. மேனேஜர் வந்தார். அந்த மிஷினை ஓட்டுகிறவர் செல்வராசு, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், கான்ட்ராக்டில் இருப்பவர். அப்போதுதான் வடக்குப்பட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, ஊரிலிருந்து குடும்பத்தைக் கூட்டிவந்து, மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தார்.

"உன் மிஷின். நீதானே பண்ண?"

"இல்ல சார், சத்தியமாச் சொல்லுதேன், நான் அந்த போல்ட்டத் தொடவே இல்ல."

"கிரீஸ் வச்சு மறைச்சிருக்க! ஒடச்சதுகூடப் பரவாயில்ல, மறைச்சது பாரு, அதான் தப்பு. உன் ஐடி கார்டை வச்சிட்டுக் கெளம்பு."

"சார், பிள்ளய இப்பதான் சார் ஸ்கூல்ல சேத்திருக்கேன்…"

இப்படிப் பேச்சு நடக்கும்போது, போன் போட்டு வரவழைத்த ஈஸி அவுட் அண்ணன் டிபன் கேரியரோடு உள்ளே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். கிரீஸைத் துடைத்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் சொந்தக்காரன் ஒருத்தன் உள்ள செத்துக் கெடக்கறான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"யாரோ ஈஸி அவுட் போட்டு ஒடச்சிக்கீறாங்க சார். எந்த சைஸ், எவ்ளோ ஆழம், எந்தப் பக்கம் சாஞ்சிது, ஒண்ணும் தெரியாம நா கைய வெச்சா பிளேட்டே போயிடும். யாரு முறுக்குனது?"

"இவன்தான்" என்று மேனேஜர் செல்வராசுவைக் காட்டினார்.

அண்ணன் செல்வராசுவிடம், "எந்த சைஸ் போட்ட?" என்று கேட்டார்.

"என்ன சைஸுண்ணே?" என்றார் செல்வராசு, அழுகிற குரலில்.

"இவன் இல்ல" என்று சொல்லிவிட்டு அண்ணன் கடைசி அடுக்கைத் திறந்தார்.

மேனேஜர் இங்கும் அங்கும் நடந்தார். நான் மூன்று தடவை தண்ணீர் குடிக்கப் போனேன். சொல்லவேண்டிய வார்த்தையெல்லாம் நெஞ்சுக்குள் வரிசையாக நிற்கிறது, ஒன்றுகூட வெளியே வரவில்லை. செல்வராசு கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி, அதன் கயிற்றை ஒழுங்காகச் சுற்றி மேஜைமேல் வைத்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்கிற மாதிரி மெதுவாக விரலைத் தூக்கினேன். பதற்றத்தில் சுண்டுவிரல் தூக்கிவிட்டேன்.

"போயிட்டு வாய்யா! அதுக்கெல்லாமா என்னக் கேப்ப?" என்று மேனேஜர் கத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள். செல்வராசுகூட லேசாகச் சிரித்துவிட்டார். நான் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து போல்ட் தலையை எடுத்து, அந்தக் கார்டு பக்கத்தில் வைத்தேன்.

சிரிப்பு நின்றது. அண்ணன் சாப்பாட்டை மூடினார். இன்னொரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டார்.

"குந்து வாத்யாரே. மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். காலால் மிதித்ததிலிருந்து கிரீஸ் வரைக்கும் எல்லாம் சொன்னேன். அவர் கேட்கக் கேட்க எனக்கு வார்த்தை வந்துகொண்டே இருந்தது. அஞ்சு எம்எம் டிரில் போட்டேன். இவ்வளவு ஆழம் இறங்கினேன், நகத்தால் அளந்து வைத்திருக்கிறேன். துளை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தது.

"ஒடையறப்ப சத்தம் எப்டி வந்துது?"

"கிர்ர்ர்ர்… டிக்."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"'கிர்ர்' நீட்டமா வந்துதா, சுருக்கமாவா?"

"நீட்டமாண்ணே."

"அப்ப கடிச்சிக்கினுதான் ஒடஞ்சிக்கீது. எடுத்துடலாம்."

என் வாழ்நாளில் பத்துப் பேர் முன்னால் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். பேசி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

அவர் கெட்டியான கூர் உளி ஒன்றை ஜன்னல் பக்கமாகச் சாய்த்து வைத்து, உள்ளே கிடந்த ஈஸி அவுட்டைச் சின்னச் சின்ன அடியாக அடித்து நொறுக்கினார். காந்தத்தால் துண்டு துண்டாக எடுத்தார். மேலே ஒரு நட்டை வைத்து வெல்டு அடிக்கச் சொன்னார். சூடு கொஞ்சம் ஆறியதும் நட்டில் ஸ்பானரை மாட்டி, ஒரு மயிரிழை முன்னால், ஒரு மயிரிழை பின்னால் என்று அசைத்தார். போல்ட் ஒரு முனகல் முனகிவிட்டு, பிறகு சாதுவாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. லைன் ஓடத் தொடங்கியது. செல்வராசு கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் மிஷினுக்குப் போனார்.

மேனேஜர் என்னிடம் கையை நீட்டினார். "உன் கார்டைக் குடு."

நான் கழற்றப் போனேன். அப்போது அண்ணன், மேஜைமேல் இருந்த போல்ட் தலையை எடுத்தார். ஒடிந்த முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"சார், ஒரு நிமிசம். இத்தப் பாரு. ஒரே தபாவுல ஒடஞ்சா முகம் பூரா ஒரே பளபளப்பா இருக்கணும். இது பாதி கறுத்துக் கெடக்குது. பழைய வெடிப்பு. ஆயில் உள்ள எறங்கி ஆறு மாசமாவது ஆயிருக்கும். அன்னிக்கே இது செத்துடுச்சி. இந்தாளு இன்னிக்கு எடுத்து அடக்கம்தான் பண்ணிக்கீறாரு."

"ஆறு மாசம் முன்னாடியா?"

"ஆமா சார். யாரோ சாவிக்கு மேல நீட்டமா பைப் மாட்டி ஓவரா முறுக்கிக்கீறாங்க. யாருன்னு கேக்கட்டா?"

மேனேஜரின் முகம் மாறியது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர வேலையில், மேனேஜரே சட்டைக் கையை மடித்துவிட்டுப் பைப் மாட்டி முறுக்கியதை நாங்கள் நாலைந்து பேர் பார்த்திருக்கிறோம். அண்ணன் அன்று இல்லை. ஆனால் எந்தக் கம்பெனியிலும் யாரோ ஒரு பெரியவர் எப்போதோ பைப் மாட்டியிருப்பார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று மேனேஜர் சொன்னார். போல்ட் தலையை வாங்கிப் பார்க்காமலே ஸ்கிராப் தொட்டியில் போட்டார். "போய் வேலையப் பாருய்யா. இனிமே ஒடஞ்சா வந்து சொல்லு."

மறுநாள் காலையில் ஸ்கிராப் தொட்டியைக் கொட்டியது நான்தான். அந்தத் தலை கிடைத்தது. பழைய வெடிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. டீசலில் போட்டுக் கழுவினேன். கறுப்பெல்லாம் கரைந்து போய்விட்டது. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே பளபளப்பு. முழுக்க முழுக்க நான் ஒடித்ததுதான். கறுப்பு, அண்ணனுடைய கட்டைவிரல் ஆயில்.

அடுத்த மாதம் கூட்டு ரோடு டீக்கடையில் அவரைப் பிடித்தேன். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கழுவின தலையை அவர் முன்னால் வைத்தேன்.  அவர் அதைப் பார்த்தார். டீயை ஆற்றினார்.

"அன்னிக்கு எனக்குக் கண்ணு சரியா தெர்ல வாத்யாரே" என்றார்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸின் பலகையைப் படித்துச் சொல்லுகிற கண் அது.

இப்போதும் எங்கள் கம்பெனியில் போல்ட் ஒடிந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வருகிறார் என்று தெரிந்தால் நான் கொஞ்சம் முன்னாலேயே கேட்டுக்குப் போய் நின்றுகொள்கிறேன். போய்ப் பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை. இங்கே என்ன வேலை என்று செக்யூரிட்டி கேட்டால், சும்மாதான், காற்று வாங்க வந்தேன் என்கிறேன்.